பால் மாதிரி இருந்த கடல்

கடலே இல்லாத ஊரில் கடல் ஓவியனாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. தப்புக் கண்டுபிடிக்க ஆள் கிடையாது. ஈப்போவில் என் படங்களைப் பார்க்க வருகிறவர்கள் அலை சரியா, நங்கூரம் சரியா என்றெல்லாம் நோண்ட மாட்டார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல நீங்க எங்கண்ணே நிக்கிறீங்க?" என்று கேட்பார்கள். நான் எதிலும் நிற்பதில்லை. படத்திலாவது நனையாமல் இருக்கலாமே என்ற எண்ணம்தான். ஒரே ஒரு படத்தில் மட்டும் நிற்கிறேன், பட்டாணி அளவில், ஒரு கையை நீட்டிக்கொண்டு.

லூமுட்டில் இருக்கும் எங்கள் கடலோடிகள் சங்க மலருக்கு எழுதச் சொல்லி இளைய தம்பிகள் கேட்டார்கள். "கப்பலுக்குச் சாயம் அடிச்ச ஆளு, கப்பலயே எப்படிண்ணே வரைய ஆரம்பிச்சீங்க?" என்பது அவர்கள் கேள்வி. இருபத்தாறு வருஷம் கப்பலில் இருந்தேன். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் ஈப்போவின் புந்தோங்கில் படம் வரைந்தேன். தோள்பட்டையால் இந்த வருஷத்தோடு தூரிகையையும் கீழே வைத்துவிட்டேன். டாக்டர் அதற்கு 'உறைந்த தோள்' என்று பெயர் சொன்னார். ஐஸ் கட்டியைத் தேத்தண்ணியில் மட்டுமே பார்த்த கடலோடிக்கு உறைந்த தோள். வலது கை தலைக்கு மேலே ஏறாது. முன்னால் நேராக மட்டும் நீளும். அதுவும் இந்தக் கதையில் வருகிறது.

நான் பிறந்தது சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அங்கே பெரிய தண்ணீர் என்றால் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த குட்டைதான். பத்தொன்பது வயதில் கடலை முதன்முதலில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, 'இதுக்கு ஏன் யாரும் வேலி போடல' என்பது. பார்த்த மூன்றாவது நாள் கப்பலில் ஏறிவிட்டேன். கப்பல் முதல் தடவை ஆடியபோது, "பிரேக் போடுங்க, பிரேக் போடுங்க" என்று கத்தினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. மற்ற எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அன்றிலிருந்து என் பெயர் முனியாண்டி இல்லை, பிரேக்கு. முதல் பதினொரு ராத்திரி மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன். சமையல்காரர் வந்து, "காலுக்கும் ஒன்னு கட்டிக்கலா, கால் முழுகிடப் போவுது" என்றார். கட்டிக்கொள்ள இன்னொன்று கிடைக்குமா என்று நான் தேடியதும் உண்மைதான்.

வேலை கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கப்பல் என்பது துருப்பிடிப்பதற்கென்றே கடலில் விடப்பட்ட இரும்பு. துருவைச் சுத்தியால் தட்ட வேண்டும், கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவ வேண்டும். காய்ந்ததும் சிவப்பு, சிவப்புக்கு மேல் சாம்பல், சாம்பலுக்கு மேல்தான் கம்பெனியின் நிறம். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆரம்பித்த முனை மறுபடி துருவேறிவிடும். கயிற்றில் தொங்கும் ஒரு பலகையில் உட்கார்ந்து, கீழே பார்க்காமல், இரும்பையே பார்த்துக்கொண்டு அடிப்போம். மணிக்கணக்கில் அப்படிப் பார்த்தால் இரும்பில் மேகம் தெரியும், தீவு தெரியும். நான் ஓவியனானது அந்தப் பலகையில்தான். கீழே பார்க்கப் பயந்தவனுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

மேல்தளத்து வேலையாட்களுக்குத் தலைவரைச் செராங் என்போம். எங்கள் செராங் காதர் பாய், பினாங்குக்காரர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. காலையில் சலாமும் கிடையாது, வணக்கமும் கிடையாது. எதிரே வருகிறவனிடம், "காத்து எங்க?" என்பார். உடனே கையை நீட்டிக் காற்று வரும் திசையைக் காட்ட வேண்டும். யோசித்தால் போச்சு. விரலை நனைத்துப் பிடித்துப் பார்த்தால் அதைவிட மோசம். "விரல நக்குறவன் சமையக்கட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். காற்று பிடரியில் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. என் பிடரிக்கு வியர்வை மட்டும்தான் தெரிந்தது. இரண்டு வருஷம் குத்துமதிப்பாகக் கை காட்டியே காலம் தள்ளினேன். பாதி நாள் சரியாக இருந்தது.

மிச்ச சாயத்தில், சரக்குப் பெட்டியிலிருந்து கழன்ற ஒரு பலகையில், முதல் படத்தை வரைந்தேன். எங்கள் கப்பலேதான். இருந்த சாயம் சாம்பல் மட்டும் என்பதால் கடலும் சாம்பல், வானமும் சாம்பல். பெருமையாகக் கொண்டுபோய்ச் செராங்கிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"கொடி இந்தப் பக்கம் பறக்குது."

"ஆமா பாய்."

"புகை அந்தப் பக்கம் போவுது."

நான் குனிந்து புகையைப் பார்த்தேன்.

"இந்தக் கப்பலுக்கு மட்டும் ரெண்டு காத்தா?"

படத்தைக் கொண்டுபோய்ச் சாய அறையில் தலைகீழாக மாட்டினார். இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இப்பப் பரவால்ல" என்றார்.

அந்தப் பயம் இன்னும் போகவில்லை. எந்தப் படத்தை ஆரம்பித்தாலும் மூலையில் பென்சிலால் ஒரு அம்பு போடுவேன். அதுதான் காற்று. கப்பலைப் பிறகுதான் கொண்டுவருவேன். கொடி, புகை, அலையின் நுரை, மாலுமியின் சட்டை, துவைத்துக் காயப்போட்ட துண்டு, எல்லாம் அந்த அம்புக்குக் கட்டுப்பட வேண்டும். படம் முடிந்ததும் அம்பை அழித்துவிடுவேன்.

கப்பலில் எனக்கு அடுத்த படுக்கை அருளப்பன் அண்ணனுடையது. ஈப்போ சிலிபின்காரர். தலைமாட்டில் செபமாலை, கால்மாட்டில் மனைவி கொடுத்தனுப்பும் எலுமிச்சை ஊறுகாய். நான் பென்சிலை எடுத்தால் போதும், வந்து நின்றுகொள்வார். "பிரேக்கு, தொப்பைய எடுத்துட்டு வரை. லூர்து பாத்தா வீட்ல சோத்த கொறச்சிடுவா." எடுத்துவிட்டு வரைந்தால், "இது யாருடா, என் தம்பியா?" என்பார். கடலில் சிரிக்கத் தெரிந்த மனிதர் பக்கத்துப் படுக்கையில் இருந்தால் பயம் பாதியாகும். மீதிப் பாதிக்கு ஊறுகாய்.

கப்பலை விட்டு வந்த பிறகு புந்தோங்கில், கச்சாங் பூத்தே பொரிக்கும் ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன். நாள் முழுக்கக் கடலையும் முறுக்கும் பொரியும். ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர் தன் கப்பல் படத்தை வாங்கிப்போய் ஒரு வாரத்தில் கூப்பிட்டார். "முனி, என் கப்பல்ல மசாலா கடலை வாசம் வருது." சரக்கு என்ன ஏற்றினீர்கள் என்று கேட்டுச் சமாளித்தேன்.

படம் கேட்டு வருகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்பேன். கப்பல் சரக்கோடு இருந்ததா, காலியா? காலியாக இருந்தால் அடிவயிற்றுச் சிவப்பு அதிகம் தெரிய வேண்டும். காற்று எங்கிருந்து? எந்த நேரம்? கடலோடிகள் துருவைக் காட்டச் சொல்வார்கள். அவர்கள் மனைவிமார் துருவை எடுக்கச் சொல்வார்கள். நான் துருவைப் போட்டு, அதன் மேல் லேசாக வெயிலடிப்பேன். வீட்டில் சண்டை வராது.

கடலைப் பார்க்க வேண்டும் போல இருந்தால் விடியற்காலையில் மாடிக்குப் போவேன். ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளின் இடுப்புவரை பனி நிற்கும். துறைமுகத்துக்கு வெளியே முறைக்காகக் காத்திருக்கும் கப்பல்கள் மாதிரியே இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்று மெல்ல நகரும். நகர்ந்தது குன்றா, பனியா, புந்தோங்கா என்று தெரியாது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்வேன். பழக்கம்.

அப்படி ஒரு காலையில்தான், போன வருஷம், லூர்து அக்கா படியேறி வந்தார். அருளப்பன் அண்ணனின் மனைவி. உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"முனி, எனக்கு ஒரு படம் வேணும்."

"எந்தக் கப்பல்க்கா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"உனக்குத் தெரியாதா எந்தக் கப்பல்னு? கப்பல் கூட இல்ல முனி. எனக்கு அன்னிக்கு இருந்த கடல் வேணும்."

அந்த நாளை நான் எழுதித்தான் ஆக வேண்டும். அக்கா வந்தபோது அது நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிந்துலுவில் மரக்கட்டை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தோம். வடகிழக்குப் பருவக்காற்று. சாயங்காலத் தேத்தண்ணிக்குப் பிறகு, மேல்தளத்துக் கட்டைகளைக் கட்டியிருந்த சங்கிலி ஒன்று தளர்ந்துவிட்டது. செராங், அருளப்பன் அண்ணன், நான், மூன்று பேரும் போய் முறுக்கினோம். ஐந்து நிமிஷ வேலை என்று யாரும் மிதவைச் சட்டை போடவில்லை. பதினொரு ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு தூங்கியவனும் போடவில்லை. வேலை முடிந்து திரும்பும்போது நான் முதலில், செராங் நடுவில், அண்ணன் கடைசியில். நான் ஏன் முதலில் என்று கேட்க வேண்டாம். திரும்பி வருவதில் நான் எப்போதும் முதல்தான். ஏணியில் கால் வைத்தேன். கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் கட்டைகளின் மேல் ஏறி இறங்கியது. இறங்கிய பிறகு நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

ஆள் கடலில் விழுந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. மிதவை வளையத்தை வீசுவது ஒருவர், மணி அடிப்பது ஒருவர், கப்பலைத் திருப்புவது கேப்டன். இவர்கள் எல்லோரையும்விட முக்கியமான வேலை, ஒன்றுமே செய்யாமல் நிற்பவனுடையது. அவன் மேலே, கேப்டனுக்குத் தெரியும்படி ஓரத்தில் நின்று, விழுந்த ஆளைக் கையால் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கப்பல் திரும்பத் திரும்ப அவன் கையும் திரும்ப வேண்டும். ஓடக் கூடாது, உதவக் கூடாது, வேறெங்கும் பார்க்கக் கூடாது. தண்ணீரில் ஒரு தலை தேங்காய் அளவுதான் தெரியும். ஒருமுறை கண்ணை எடுத்தால் திரும்பக் கிடைக்காது. கேப்டன் அப்போது கடலைப் பார்த்து ஓட்டுவதில்லை. அந்தக் கையைப் பார்த்து ஓட்டுகிறார். கண் தப்பிவிட்டால் உடனே 'காணோம்' என்று கத்திவிட வேண்டும்.

செராங் என்னை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினார். "கைய எறக்காத. கண்ண எடுக்காத. உனக்கு வேற வேல இல்ல."

அண்ணன் தெரிந்தார். சாம்பல் நிற வேலைச் சட்டை, கறுத்த தலை. ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். கொஞ்சம் கழித்து இன்னொரு முறை ஆட்டினார். நான் என் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். தூரத்திலிருந்து யாராவது பார்த்திருந்தால், தெருவில் இரண்டு பேர் ஒருவரையொருவர் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு உப்புத் தண்ணீர் என் கண்ணில் அடித்தது. முகத்தைத் தோளில் துடைத்தேன். ஒரு மூச்சு நேரம். திரும்பப் பார்த்தபோது கடல் முழுக்க வெள்ளை. காற்று நுரையை இழுத்து இழுத்துக் கோடாகப் போட்டுக்கொண்டிருந்தது. எல்லாக் கோட்டிலும் ஒரு தலை இருந்தது. எதிலும் இல்லை.

காணோம் என்று கத்த வேண்டும். வாய் வரவில்லை. பிரேக் போடச் சொல்லிக் கத்தத் தெரிந்த வாய், அன்று வரவில்லை. கை மட்டும் நின்றது. அதனால் ஒரு வெள்ளைக் கோட்டைப் பிடித்து அதைக் காட்டினேன். அது கலைந்ததும் அடுத்ததைக் காட்டினேன். கேப்டன் என் கையைப் பார்த்துக் கப்பலை ஓட்டினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமில்லாத இடத்தை நோக்கி ஒரு முழுக் கப்பலை நான் கூட்டிப்போனேன். அந்தி சாயும் நேரத்தில் செராங் வந்து என் பக்கத்தில் நின்றார். என் கை போகும் வழியே வெகுநேரம் பார்த்தார். "அங்க ஒன்னும் இல்ல முனி" என்றார். அவர் என்னை முனி என்று கூப்பிட்டது அப்போதுதான். என் கை இறங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அவர்தான் இறக்கினார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் கத்தியிருந்தால் அண்ணன் கிடைத்திருப்பாரா என்று பல வருஷம் கழித்து ஒருமுறை அவரிடம் கேட்டேன். "காத்து எங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, அண்ணனின் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, சிலிபினுக்குப் போனேன். கம்பெனியிலிருந்து முன்பே சொல்லிவிட்டார்கள். லூர்து அக்கா அழுது முடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பள்ளிச் சட்டையோடு அவர் மகன் சேவியர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கடல் எப்படி இருந்துச்சு?"

என் கண் முன்னால் அந்த வெள்ளைக் கோடுகள் ஓடின. அதைச் சொல்ல முடியாது. அவர் சிரமப்படவில்லை, எல்லாம் அமைதியாக இருந்தது என்று தோன்றும்படி ஏதாவது சொல்ல வேண்டும். தோட்டத்தில் பிறந்தவன் வாயில் என்ன வரும்? ரப்பர் மரத்தில் எடுத்ததைத் தொழிற்சாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தால், ஆடாமல் அசையாமல், கூரையின் நிழல் விழக் கிடக்குமே, அதுதான் வந்தது.

"பால் மாதிரி இருந்துச்சுக்கா."

அக்கா தலையை ஆட்டினார். நான் எழுந்து வந்துவிட்டேன். திரும்புவதில் நான் முதல் என்று சொன்னேனே.

இப்போது என் அறையில், கடலை வறுபடும் வாசத்துக்கு நடுவில், அந்த வார்த்தையை அக்கா திருப்பி எடுத்தார்.

"பால் மாதிரி இருந்துச்சுன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"அன்னிக்கு சேவியர் கதவுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான். பெரியவனானதும் யார் யாரையோ விசாரிச்சிருக்கான். அலையே இல்லாத கடல்ல ஒரு ஆளு எப்படி விழுவான்னு. விழ மாட்டான், அவனா குதிச்சாத்தான் உண்டுன்னு எவனோ சொல்லிட்டான். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்தக் கூப்பிட்டா வர மாட்டான். இப்பக் கல்யாணம். கார்டுல அப்பா பேரு வேணாங்கிறான். நம்மள வேணாம்னு போன ஆளு பேரு எதுக்கும்மாங்கிறான்."

என் கையிலிருந்த வெள்ளைச் சாயக் குழாய் பிதுங்கி உள்ளங்கை முழுக்க நின்றது. அப்படிப் பிதுக்கியது எனக்கே தெரியவில்லை.

"நான் பொய் சொன்னேன்க்கா" என்றேன். "அன்னிக்கு கடல் அப்படி இல்ல."

"பொய்யா? யாரு சொன்னா பொய்னு?"

"பால் மாதிரின்னா, அமைதியா..."

"முனி, பதினாறு வயசுலேருந்து கல்யாணம் ஆவுற வரைக்கும் நான் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவ. எங்கிட்ட வந்து பாலுன்னா எனக்குத் தெரியாதா? வெட்டி முடிச்சு நிக்கையில மழ அடிச்சா பால் விழுற மங்கு நெறஞ்சு வழியும். பட்டையெல்லாம் கோடு கோடா வெள்ளையா எறங்கும். ஒரு மரம் மிச்சம் இருக்காது. நெரை பூரா வெளுத்துப் போயி நிக்கும். நீ சொன்னதும் எனக்கு அதான் கண்ணு முன்னால வந்துச்சு. அதுக்குள்ள ஒரு மனுசன எங்கேன்னு தேடுவாங்கன்னு அன்னிக்கே மனச விட்டுட்டேன்."

நானும் தோட்டத்துக்காரன்தான். மங்கு நிரம்பி மரத்தில் பால் வழிவதை ஆயிரம் தடவை பார்த்தவன். கடலில் அந்தக் கோடுகளைப் பார்த்தபோதும் தெரியவில்லை, அந்த வார்த்தையைச் சொன்னபோதும் தெரியவில்லை. நான் தொட்டிப் பாலைச் சொன்னேன். அவர் மழைப் பாலைக் கேட்டார். இருபத்திரண்டு வருஷமாகப் பொய் என்று நான் சுமந்தது, போய்ச் சேர்ந்த இடத்தில் உண்மையாகவே இருந்திருக்கிறது. கதவருகே நின்றவனிடம் மட்டும் பொய்யாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அவன் டவுன்ல வளந்தவன்" என்றார் அக்கா. "அவனுக்குப் பாலுன்னா டின் பாலுதான். நான் சொன்னா, நீங்க பாத்தீங்களாங்கிறான். நீ பாத்தவன்லா. வரைஞ்சு காட்டு. அடுத்த புதன்கிழம கார்டு அச்சுக்குப் போவுது."

எட்டு நாள். முதல் மூன்று நாளை வழக்கம்போலப் பயப்படுவதில் செலவழித்தேன். தூரிகைகளைக் கழுவினேன். கழுவினதையே மறுபடி கழுவினேன். நான்காம் நாள் மூலையில் அம்பைப் போட்டேன், இடமிருந்து வலமாக. காற்றை எதிர்த்து இடப்பக்கம் பார்த்து நிற்கும் கப்பல், சரக்கோடு அமிழ்ந்த கப்பல். அடிவயிற்றுச் சிவப்பு கொஞ்சமும் தெரியவில்லை. கடலுக்குச் சாம்பல் அடித்தேன். கப்பலுக்கு அடித்த அதே சாம்பல், கை தானாகவே போனது. நுரைக்கு வெள்ளையை எடுத்துத் தூரிகையால் கோடு கோடாக இழுத்தேன். வரவில்லை. சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி நின்றது. துடைத்தேன், இழுத்தேன், துடைத்தேன்.

ஐந்தாம் நாள் அக்கா சொன்னது திரும்பக் கேட்டது. எறங்கும், என்றார். நான் இழுத்துக்கொண்டிருந்தேன். பாலை யாரும் இழுப்பதில்லை. அது தானாக இறங்கும்.

படத்தைத் தூக்கி இடது ஓரம் மேலே வரும்படி சுவரில் நிமிர்த்தி வைத்தேன். கப்பல் மூக்கை வானத்துக்குத் தூக்கி, வீட்டுக் கூரையைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. சாம்பல் இன்னும் ஈரம். வெள்ளையைத் தண்ணீராகக் கரைத்து மேல் ஓரத்தில் ஊற்றினேன். மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஒன்று நேராக, ஒன்று கப்பலின் விலாவைத் தொட்டு விலகி, ஒன்று பாதியில் நின்று யோசித்துவிட்டு, இன்னொன்றோடு சேர்ந்து. நான் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை வந்ததா, இல்லை, பக்கத்து வீட்டில் எண்ணெய் பொரிந்த சத்தமா என்று இன்றைக்கும் தெரியாது. அறை முழுக்க ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்ற மாதிரி இருந்தது. ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் கடல் இருந்தது. காய்ந்ததும் படத்தைத் திரும்பப் படுக்கையாக வைத்தேன். பிடரியில் காற்றடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் முதல் தடவையாக.

ஒன்று மட்டும் பாக்கி. கப்பலின் மேலே, ஓரத்தில், ஆள் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. காலியாகவே விடலாம். யாருக்கும் தெரியாது. கேட்கக்கூடிய ஒரே மனிதர் காதர் பாய், அவரும் காலமாகிவிட்டார். மெல்லிய தூரிகையை எடுத்து ஓர் ஆளை வரைந்தேன். முதலில் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றான். அழித்தேன். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழித்தேன். மூன்றாவது தடவை கையை நீட்டினான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு சிலிபினுக்குப் போனேன். சேவியர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தான். ஏர்கான் பொருத்துகிறவன். அப்பாவின் தோள், அப்பாவின் தொப்பை. மேசையில் கல்யாணக் கார்டின் மாதிரி கிடந்தது.

"உக்காருங்க அங்கிள்" என்றான். மரியாதை இருந்தது. வேறொன்றும் இல்லை.

படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்துத் துணியை எடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"என்னா இது, மழையா?"

"கடலு" என்றேன்.

"அம்மா பால் மாதிரின்னு சொல்வாங்க."

"இதான்டா அந்தப் பாலு" என்றார் அக்கா, அடுப்படி வாசலில் நின்றபடி.

அவன் குனிந்தான். கொடியைப் பார்த்தான், புகையைப் பார்த்தான், கோடுகளை விரலால் தொடாமல் தொடர்ந்து போனான். காற்றோடு வேலை செய்கிறவன்.

"எல்லாம் ஒரே பக்கம் போவுது. இந்தக் காத்துல மனுசன் நிக்க முடியாதுலா."

"முடியல" என்றேன்.

"அப்பா எதுக்கு வெளிய போனாரு?"

சொன்னேன். சங்கிலியைச் சொன்னேன், மூன்று பேர் போனதைச் சொன்னேன், திரும்பும்போது யார் முதல் என்பதையும் சொன்னேன். அவன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேல நிக்கிற ஆளு யாரு?"

"நான்தான்."

"என்னாத்தக் காட்டுறீங்க?"

அந்தச் சின்னக் கை காட்டும் வழியே அவன் விரல் போனது. கோடு, கோடு, கோடு. படத்தின் ஓரம் வந்துவிட்டது.

"அங்க ஒன்னும் இல்லையே அங்கிள்."

நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியாது. உட்கார்ந்துகொண்டு சொல்ல வரவில்லை. கை தானாக நீண்டுவிட்டது, அது ஒன்றுதான் அதற்குத் தெரியும். உப்புத் தண்ணீரைச் சொன்னேன், தோளில் துடைத்ததைச் சொன்னேன், கத்தாததைச் சொன்னேன். ஒன்றுமில்லாத இடத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்டிக்கொண்டு நின்றதைச் சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் வேடிக்கை கலக்காமல் பேசியது அதுதான். அக்கா வாசலிலிருந்து அசையவில்லை. அவரும் அதை அப்போதுதான் கேட்கிறார்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். எந்தப் பக்கம் ஓடலாம் என்று கால் பார்த்துக்கொண்டது, அதை நான் தடுக்கவில்லை.

"கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும்" என்றான் சேவியர். "அப்பா என்னா பண்ணிக்கிட்டு இருந்தாரு?"

"கை காட்டுனாரு."

"எப்படி?"

"தூக்கி ஆட்டினாரு. ரெண்டு தடவ. இங்க வாங்கன்னு கூப்பிடுற மாதிரி."

அவன் மூக்கை உறிஞ்சினான். படத்துக்கு முன்னாலேயே நின்றான். பிறகு மேசைக்குப் போய், கார்டை இழுத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளை. பேனாவை வைத்துக்கொண்டு திணறினான்.

"மா, அருளப்பன்னு எழுதுறதுல ஒரு 'ப'வா, ரெண்டு 'ப'வா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, என் முன்னால் நின்றார். அவர் புருஷன் கூப்பிட்ட பெயரால் என்னை அதுவரை அவர் கூப்பிட்டதில்லை.

"பிரேக்கு, கைய எறக்குலா. தேத்தண்ணி ஆறுது."